ஜாஸ்மாஸ்டரும் உதிரிபாகப் பெட்டியும்

என் மேசை இழுப்பறையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒன்று முழுதாக, தந்திகளைக் கீழே அழுத்திப் பிடிக்கும் உருளைப் பட்டை ஒன்று, 500 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்கள் (வால்யூம், டோன் குமிழ்களின் அடியில் இருக்கும் மாறுமின்தடைகள்) இரண்டு, இரண்டு வகை மின்தேக்கிகள், பாதி தீர்ந்த செப்பு நாடாச் சுருள் ஆகியவை அதில் கிடக்கின்றன. 1960-களின் தொடக்க வடிவத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்ட ஜாஸ்மாஸ்டர் என்னும் எலெக்ட்ரிக் கிட்டாரின் மறுவெளியீடு ஒன்று என் கைக்கு வந்த முதல் மாதத்திலேயே, அதைப் பொறுமையாக உட்கார்ந்து வாசித்துப் பார்ப்பதற்கு முன்பே, நான் வாங்கிக் குவித்தவை இவை. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் இன்று தந்தி, செப்பு நாடா போன்ற சில்லறைகள் போக, அந்தக் கிட்டாரில் நான் சேர்த்த பொருள்களாக எஞ்சி நிற்பவை இரண்டுதான். அவற்றில் ஒன்று என் கைத்தவறால் வந்து சேர்ந்தது. மற்றவை எப்படி ஒவ்வொன்றாகக் கழன்று பெட்டிக்குப் போயின என்பதையே இங்கே எழுதுகிறேன். கிட்டாரைச் செய்த நிறுவனம் எது என்று சொல்லப்போவதில்லை, ஏனெனில் நான் பேசவிருக்கும் குறைநிறைகள் பெரும்பாலும் அந்தப் பழைய வடிவமைப்புக்கே உரியவை.

அந்த வடிவமைப்பின் பின்னணியைச் சற்றுத் தெரிந்துகொள்ளாமல் இந்தக் கிட்டாரின் குணத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஃபெண்டர் நிறுவனம் ஜாஸ்மாஸ்டரை 1958-ல் வெளியிட்டது. தன் முந்தைய கிட்டார்களான டெலிகாஸ்டருக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் மேலான நிலையில் வைத்து, ஜாஸ் வாசிப்பவர்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அது உருவாக்கப்பட்டது. உட்கார்ந்து வாசிக்கும்போது மடியில் சரியாகப் படிவதற்காக உடற்பகுதியின் இரு பக்க இடுப்பு வளைவுகளும் நேருக்கு நேராக இல்லாமல் முன்பின்னாக அமைந்தன. ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடலலைச் சறுக்கல் பண்பாட்டோடு பிறந்த சர்ஃப் ராக் இசைக்குழுக்கள் அணைத்துக்கொண்டன. உற்பத்தி 1980-ல் நின்றது. அதன் பிறகு, யாருக்கும் வேண்டாத பழைய கிட்டாராக மலிவாகக் கிடைத்த காலத்தில், சோனிக் யூத் போன்ற ராக் குழுக்கள் அதை எடுத்து, வடிவமைத்தவர்கள் கனவிலும் நினைத்திராத விதங்களில் வாசித்தன. இன்று மறுவெளியீடுகளுக்கு இருக்கும் தேவையின் வேர் ஜாஸில் இல்லை, அந்த இரண்டாம் வாழ்க்கையில்தான் இருக்கிறது.

பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்தபோது 0.010 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்திகள் பூட்டப்பட்டிருந்தன. முதல் அரை மணி நேரத்திலேயே ஆறாம் தந்தி, பிரிட்ஜில் அதைத் தாங்கும் சேடிலின் பள்ளத்திலிருந்து துள்ளிப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போனது. பிரிட்ஜிலிருந்து ஓயாத கரகரப்பு கேட்டது. ஒலிபெருக்கியான ஆம்ப் இல்லாமல் வாசித்தால் ஏதோ ஒரு ஸ்குரூ எங்கோ தளர்ந்து ஆடுவது போலிருந்தது. ஜாஸ்மாஸ்டரைப் பற்றி எவரிடம் கேட்டாலும் முதலில் வரும் குற்றச்சாட்டு இதுதான் என்பதால், நான் வியப்படையவில்லை. தீர்வும் எல்லோரும் சொல்வதே: தந்திகளின் பின்முனையைப் பிடிக்கும் டெயில்பீஸில் ஒரு உருளைப் பட்டையைப் பூட்டி, தந்திகளைக் கீழே அழுத்தி, பிரிட்ஜின் மீது அவை வளையும் கோணத்தைக் கூட்டுவது. பூட்டினேன். துள்ளல் நின்றது, கரகரப்பும் அடங்கியது.

ஆனால் வேறு இரண்டும் அதோடு போயின. ஜாஸ்மாஸ்டரில் பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் இடையே பெரும்பாலான எலெக்ட்ரிக் கிட்டார்களில் காண முடியாத அளவுக்கு நீண்ட தந்திப்பகுதி இருக்கிறது. முன்னால் ஒரு கார்டை (பல ஸ்வரங்களை ஒன்றாக) மீட்டி நிறுத்தினால், அந்தப் பின்பகுதி தானாகவே மெல்லிய மணியோசை போல ஒத்ததிர்ந்து, ஒரு நொடி கழித்துத்தான் ஓய்கிறது. உருளைப் பட்டை அந்தப் பகுதியை நடுவில் அழுத்தியதும் அந்த ஓசை செத்துவிட்டது. சுருதியை ஏற்றி இறக்கும் டிரெமலோ கைப்பிடியை அழுத்தி விட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்புவதும் தடுமாறியது, ஏனெனில் தந்தி உராயும் இடம் ஒன்று கூடிவிட்டது. குறையை நீக்கப் போய் ஜாஸ்மாஸ்டரை ஜாஸ்மாஸ்டராக்கும் குணத்தையே நீக்கிவிட்டேன் என்பது மூன்றாம் வாரத்தில்தான் எனக்கு உறைத்தது.

அப்போதுதான் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்டேன்: 1958-ல் இதை வடிவமைத்தவர்களுக்கு இந்தத் துள்ளல் தெரியாமலா போனது? விடை எளிது. அன்றைக்கு எலெக்ட்ரிக் கிட்டாரில் இன்றைய மெல்லிய தந்திகள் வழக்கத்தில் இல்லை, 0.012 அங்குலமோ அதற்கும் மேலோ தடிமனான, மூன்றாம் தந்திக்கும் சுற்றுக்கம்பி உள்ள செட்டுகளையே பூட்டினார்கள். தந்தியின் அதிரும் பகுதி 25.5 அங்குல நீளமுள்ள கிட்டாரில் 0.010 அங்குல முதல் தந்தியை வழக்கமான சுருதிக்கு ஏற்றினால் அதன் இழுவிசை சுமார் 7.3 கிலோ, 0.012 அங்குலத் தந்திக்கு அது சுமார் 10.6 கிலோ. சேடிலின் மீது தந்தி கீழ்நோக்கிச் செலுத்தும் அழுத்தம், இழுவிசையையும் வளைகோணத்தையும் பொறுத்தது. கோணம் இயல்பாகவே குறைவாக இருக்கும் இந்தக் கிட்டாரில் இழுவிசையையும் குறைத்துவிட்டால், தந்தியைப் பள்ளத்தில் இருத்தி வைக்க ஒன்றுமே மிச்சமில்லை. வடிவத்தை மட்டும் பழையபடி நகலெடுத்து, அது எதற்காகக் கணக்கிடப்பட்டதோ அந்தத் தந்தியை மாற்றிவிட்டு, பிறகு பிரிட்ஜைக் குறைசொல்கிறோம்.

உருளைப் பட்டையைக் கழற்றினேன். 0.011 அங்குலத்தில் தொடங்கும் செட்டைப் பூட்டினேன். என் விரல்களுக்கு 0.012 கடினம், அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. மீதி அழுத்தத்தைக் கோணத்திலிருந்துதான் பெற வேண்டும். அதற்கான பழைய வழி, கிட்டாரின் கழுத்தான நெக் உடலில் பொருந்தும் குழியில் ஒரு மெல்லிய ஆப்பை, அதாவது ஷிம்மை, வைப்பது. ஆப்பின் தடித்த முனை பிரிட்ஜின் பக்கம் இருக்க வேண்டும். அப்போது நெக் சற்றே பின்னோக்கிச் சாய்கிறது, தந்திகளின் உயரத்தைச் சரிசெய்யப் பிரிட்ஜை உயர்த்த வேண்டியதாகிறது, பிரிட்ஜ் உயர்ந்ததும் டெயில்பீஸை நோக்கித் தந்தி இறங்கும் கோணம் கூடுகிறது. தொழிற்சாலையிலேயே இப்படிச் சிறு துண்டுகளை வைத்து அனுப்புவது அந்தக் காலத்தில் சாதாரணம் என்பதால், பழமையின் தூய்மை கெடுகிறதே என்று யாரும் வருந்தத் தேவையில்லை.

நான் வைத்தது குழியின் அடிப்பகுதி முழுவதையும் நிரப்பும், அரை டிகிரி சரிவுள்ள மேப்பிள் ஆப்பு. தடித்த முனையில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஆனால் குழியின் விளிம்பிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள தொலைவில் அந்த அரை டிகிரி பெருகி, பிரிட்ஜை ஏறத்தாழ 2 மி.மீ. உயர்த்தச் செய்கிறது. தம்புராவில் ஜீவா நூலை மயிரிழை நகர்த்தினால் நாதமே மாறிவிடுவதைக் கேட்டவர்களுக்கு, இந்தச் சிறு மரத்துண்டு செய்த வேலையை நம்புவதில் சிரமம் இருக்காது. கரகரப்பு பெரும்பாலும் மறைந்தது. தந்தி பள்ளத்தில் நின்றது. பின்பகுதியின் மணியோசையும் முன்பைவிடத் தெளிவாகத் திரும்பி வந்தது.

நெக்கைக் கழற்றுவதில் இன்னொரு காரியமும் இருந்தது. பழைய பாணி மறுவெளியீடுகளில் நெக்கின் வளைவைத் திருத்தும் உள்கம்பியான ட்ரஸ் ராடைத் திருகும் தலை நெக்கின் அடிமுனையில் ஒளிந்திருக்கும்; அதைத் தொட வேண்டுமானால் தந்திகளைத் தளர்த்தி, நான்கு ஸ்குரூக்களையும் கழற்றி, நெக்கைத் தூக்கியாக வேண்டும். திருகி, பூட்டி, சுருதி சேர்த்து, அளந்து, போதவில்லை என்று மறுபடியும் கழற்றுவது ஒரு பிற்பகலை முழுதாகத் தின்றுவிடும். முதல் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் முதலாவதில்) தந்திகளை அழுத்தும் கவ்வியான கேப்போவை மாட்டி, ஆறாம் தந்தியை நெக்கும் உடலும் சேரும் இடத்து ஃபிரெட்டில் அழுத்தி, எட்டாம் ஃபிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியை மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் அளந்தேன். 0.3 மி.மீ. வந்தபோது நிறுத்தினேன். குறுக்குவாட்டில் 7.25 அங்குல ஆரத்தில் வளைந்த ஃபிரெட்போர்டுக்கு இந்த அளவும், பதினேழாம் ஃபிரெட்டில் ஆறாம் தந்திக்கு 2 மி.மீ., முதல் தந்திக்கு 1.6 மி.மீ. உயரமும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் தொடக்கப் புள்ளிகள். அங்கிருந்து கையும் காதும்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி என் தவறு. ஜாஸ்மாஸ்டரின் ஒவ்வொரு சேடிலிலும் உயரத்தைத் திருத்த இரண்டிரண்டு தலையில்லாத சிறு ஸ்குரூக்கள் உண்டு. பிரிட்ஜின் இரு கால்களுக்குள்ளும் ஒவ்வொன்று இருக்கிறது. வாசிக்கும் அதிர்விலேயே இவை மெல்லத் தளர்ந்து கீழிறங்கும். அதைத் தடுக்க ஸ்குரூ மரையில் இறுகும் பசையைப் பூசுவார்கள். பிறகு கழற்றக்கூடிய மெல்லிய வகையைப் பூசியிருக்க வேண்டிய நான், கையில் கிடைத்த கடுமையான வகையைப் பூசிவிட்டேன். அடுத்த மாதம் உயரத்தைத் திருத்த முயன்றபோது மூன்று ஸ்குரூக்களில் ஆலன் சாவி நுழையும் துளை உருண்டு தேய்ந்துவிட்டது. வேறு வழியின்றி, மஸ்டாங் கிட்டாரின் பாணியில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் ஆழமான பள்ளம் கொண்ட சேடில்களை வாங்கிப் பூட்டினேன். அவற்றில் தனித்தனி உயரத் திருத்தம் கிடையாது. சேடில்களின் விட்டம் வேறுபடுவதாலேயே வளைவு அமைந்துவிடுகிறது. தளரக்கூடிய பன்னிரண்டு ஸ்குரூக்கள் ஒரே நாளில் ஒழிந்தன. நான் கெடுத்த பொருளுக்குப் பதிலாக வந்தது கெடுக்கப்பட்டதைவிட மேலானதாக அமைந்தது என் திறமையால் அல்ல. இருந்தாலும், முதல் மாதம் ஆசைப்பட்டு வாங்கிய அந்த முழு பிரிட்ஜ் அதன் பிறகு தேவைப்படவே இல்லை. அது அசையாமல் நிற்கும் வகை. அசல் பிரிட்ஜோ தன் இரு கூர்முனைக் கால்களில் நின்று, டிரெமலோவை அழுத்தும்போது தந்திகளோடு சேர்ந்து முன்னும் பின்னும் சாய்வது. அந்தச் சாய்வு நடுவில் வந்து நிற்கும் வரை சுருதி பிசகுவதில்லை.

டிரெமலோவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் அதில் நான் ஒன்றையும் மாற்றவில்லை. டெயில்பீஸில் உள்ள சிறிய பூட்டுப் பொத்தான் எதற்கென்று பலருக்குத் தெரிவதில்லை: ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி கலையாமல் இருக்க, டிரெமலோவை ஒரே நிலையில் நிறுத்தி வைப்பது அதன் வேலை. பொத்தானைப் பூட்டி, சுருதி சேர்த்து, பின் திறந்து, சுருதி நகர்ந்தால் ஸ்பிரிங்கின் ஸ்குரூவைத் திருத்தி, பூட்டினாலும் திறந்தாலும் ஒரே சுருதி வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நெக்கின் மேல்முனையில் தந்திகள் படியும் நட்டின் பள்ளங்களில் பென்சில் கரியைத் தேய்த்தேன். இவ்வளவுதான். நான் வாசித்த டிரெமலோக்களில் இதைவிட இதமானது வேறில்லை.

மின்சுற்றுக்கு வருவோம். ஜாஸ்மாஸ்டரின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் உறுப்பு) வெளித்தோற்றத்தில் பி-90 என்ற வேறொரு பிக்கப் வகையைப் போலிருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு. பி-90-ல் சுருளுக்கு அடியில் பட்டைக் காந்தங்கள் கிடக்கும். இதிலோ ஒவ்வொரு தந்திக்கும் கீழே நிற்கும் தூண்களே காந்தங்கள், சுருள் தட்டையாக அகன்று சுற்றப்பட்டிருக்கிறது. அதனால் ஒலியில் அகலமும் பளிச்சென்ற மேல்ஸ்தாயியும் சேர்ந்தே வருகின்றன. இந்தப் பளிச்சலுக்கு இன்னொரு காரணம், முதன்மைச் சுற்றின் வால்யூமும் டோனும் 1 மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டர்களாக இருப்பது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வழக்கமானது 250 கிலோ ஓம். பொட்டென்ஷியோமீட்டர் பிக்கப்புக்கு ஒரு சுமை போன்றது. மதிப்பு குறையக் குறையச் சுமை கூடி, ஒத்ததிர்வின் உச்சத்தில் உள்ள கூர்மையை மழுக்கும். 1 மெகா ஓம் ஏறத்தாழ எதையும் மழுக்குவதில்லை. பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, பிரகாசமான ஆம்பில் வாசித்தால் காதில் ஊசி இறங்குவது போலிருக்கும்.

எனவே 500 கிலோ ஓமுக்கு மாறினேன், மின்தேக்கியையும் மாற்றினேன். இம்முறை ஒரு நல்ல காரியம் செய்தேன்: மாற்றுவதற்கு முன்பே அசல் நிலையைப் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒரே கேபிள், ஒரே பிளெக்ட்ரம், ஆம்ப் இல்லாமல் நேராகக் கணினியின் ஒலி இடைமுகத்துக்கு, ஒரே எட்டு தாள அளவுப் பகுதி, ஒவ்வொரு நிலையிலும் ஐந்து முறை. கேபிளின் நீளத்தைக்கூட மாற்றக் கூடாது, அதன் மின்தேக்கு மதிப்பே மேல்ஸ்தாயியைத் தின்னக்கூடியது. பதிவுகளின் பெயர்களை ஒரு நண்பர் எண்களாக மாற்றிக் கலைத்துத் தந்தார். எது எதுவென்று தெரியாமல் கேட்டு எழுதினேன்.

முடிவு என் பெருமைக்கு உகந்ததாக இல்லை. டோன் குமிழ் முழுதாகத் திறந்திருக்கும்போது இரண்டு மின்தேக்கிகளையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. மனசாட்சிக்குத் தெரிந்த விஷயந்தான், குமிழ் திறந்திருக்கையில் மின்தேக்கிக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. ஆனாலும் வாங்கியவன் காது வாங்கிய பொருளின் பக்கமே சாயும் என்பதால், பெயர் தெரிந்து கேட்டவரை எனக்கு வேறுபாடு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. 1 மெகா ஓமுக்கும் 500 கிலோ ஓமுக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் கண்டுபிடித்தேன். அதே சமயம், 1 மெகா ஓமில் டோனைச் சற்றே இறக்கி வாசித்த பதிவையும் 500 கிலோ ஓம் பதிவையும் ஒன்றென்றே எழுதியிருந்தேன். டோன் குமிழை இறக்குவதும் பிக்கப்பின் மீது சுமையைக் கூட்டுவதுதானே! சோல்டரிங் இரும்பைத் தொடாமல், விரலால் குமிழைத் திருப்பியே அடையக்கூடிய ஒலிக்காக ஒரு மாலை முழுவதும் புகையைச் சுவாசித்திருக்கிறேன். அசலையே திரும்பப் பூட்டினேன். வேண்டும்போது ஊசியையும் இறக்கலாம், வேண்டாதபோது மழுக்கவும் செய்யலாம். வால்யூமைக் குறைத்தால் மேல்ஸ்தாயி சீக்கிரம் மங்கிவிடுவது மட்டும் இன்னும் உறுத்துகிறது. 1 மெகா ஓமில் அது கூடுதலாகவே இருக்கும்.

பதிவுகளில் மிகப் பெரிய வேறுபாட்டைக் கொடுத்தவை, செலவே இல்லாத இரண்டு: தந்தியின் தடிமன், பிக்கப்பின் உயரம். நெக் பிக்கப்பை இரண்டு மில்லிமீட்டர் இறக்கியதும், நடு நிலையில் இரண்டு பிக்கப்களும் சமமாகப் பேசத் தொடங்கின. இரண்டும் எதிரெதிர் திசையில் சுற்றப்பட்டு, எதிர்க் காந்த முனைகளோடு அமைந்திருப்பதால் அந்த நிலையில் ஹம் என்னும் ரீங்காரமும் ரத்தாகிவிடுகிறது. இரைச்சலைத் தடுக்கவென்று செப்பு நாடாவை ஒட்டியதால் தனிப் பிக்கப்பின் ஹம் போகவில்லை, போகாது. காப்புத் தகடு மின்புல இரைச்சலைத் தடுக்கும், மின்மாற்றிகளிலிருந்து வரும் காந்தப்புலத்தை அந்த மெல்லிய செம்பால் ஒன்றும் செய்ய முடியாது.

மேல் கொம்பில் இருக்கும் இரண்டாம் சுற்றை, ரிதம் சுற்று எனப்படுவதை, பலர் முதல் வேலையாகத் துண்டித்துவிடுகிறார்கள். வாசிக்கும்போது கை தவறுதலாக அந்த ஸ்விட்சில் பட்டு ஒலி திடீரென்று இருண்டுவிடும் என்பது அவர்கள் குறை, எனக்கும் இருமுறை அது நேர்ந்தது. அந்தச் சுற்றில் உள்ளவை நெக் பிக்கப் மட்டும், 1 மெகா ஓம் வால்யூம், 50 கிலோ ஓம் டோன். அந்த 50 கிலோ ஓமே போதும், கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலிக்கு. தனியாகக் கேட்டால் உதவாக்கரைதான். ஆனால் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் ஃபஸ் பெடல் ஒன்றுக்கு முன்னால் வைத்தபோது, மேல்ஸ்தாயியின் குப்பை எதுவும் உள்ளே போகாததால், தனி ஸ்வரங்கள் செல்லோவைப் போலக் கனத்து நீண்டு நின்றன. துண்டிப்பதற்காக எடுத்து வைத்திருந்த கட்டரை அன்றே உள்ளே வைத்துவிட்டேன். ஸ்விட்ச் தவறுதலாக நகராமலிருக்க அதன் கீழ்ப்புறம் ஒரு சிறு ஃபெல்ட் துண்டு இருக்கிறது.

வண்ணப்பூச்சு, நெக்கின் மஞ்சள் சாயம், ஆமையோட்டு நிறப் பிக்கார்டு முதலியவை எந்த ஆண்டின் அசலுக்கு எவ்வளவு நெருக்கம் என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஈடுபாடு இல்லை. நெக்கின் பின்புறப் பளபளப்பு வியர்த்த கையில் ஒட்டியது. மிக நுண்ணிய உரசுத் தாளால் லேசாகத் தேய்த்தேன், இப்போது வழுக்கிச் செல்கிறது.

மிச்சமிருக்கும் ஒரே பிரச்சினை ஃபிரெட்போர்டின் வளைவு. 7.25 அங்குல வளைவில் கார்டுகள் பிடிப்பது கைக்கு மிக இயல்பாக இருக்கிறது, ஆனால் பதினைந்தாம் ஃபிரெட்டுக்கு மேல் முதல் தந்தியை ஒரு முழு ஸ்வரம் வளைத்தால், அது வளைவின் மேட்டில் ஏறி, அடுத்த ஃபிரெட்டில் உரசி, ஒலி பட்டென்று அறுந்துவிடுகிறது. உயர் ஃபிரெட்களின் நடுப்பகுதியை மட்டும் சற்றே தேய்த்துத் தட்டையாக்கினால் இது தீரும். அந்த அரத்தை நானே கையில் எடுக்கும் எண்ணம் இல்லை. உருண்டு தேய்ந்த மூன்று ஸ்குரூக்களும் அட்டைப்பெட்டியின் மூலையில்தான் இருக்கின்றன. ஃபிரெட் வேலை தெரிந்த ஒருவரிடம் நாள் கேட்டிருக்கிறேன். அதுவரை, கால்களில் உள்ள ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருகி, முதல் தந்தியின் பக்கத்தைப் பரிந்துரைத்த 1.6 மி.மீ.க்குச் சற்று மேலாகவே உயர்த்தி வைத்திருக்கிறேன்.